டயரின் நிறம் கறுப்புத்தானா?

டயர் என்ன நிறம் என்று யாரேனும் உங்களைக் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? “இதுவும் ஒரு கேள்வியா? கறுப்புத்தான்!” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஓராண்டுக்கு முன்னர் நாங்களும் அப்படித்தான் சொல்லியிருப்போம். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் டயர்களைப் பார்த்துக்கொண்டே நாள்தோறும் பள்ளிக்கு வந்து போகும் எங்களுக்கே டயரின் நிறம் தெரியவில்லை! இதைச் சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அறிவியற் பொருட்காட்சியின்போதுதான் உணர்ந்தோம். அந்த அனுபவத்தையும், அதன் வழியே நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். மாதிரி விமானம் செய்ய விரும்பும் தங்கைகளுக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம்.

எங்கள் மாருத்

பொருட்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று எங்கள் குழுவினர் ஐவரும் கூடிப் பேசினோம். எரிமலையும் காற்றாலையும் ஆண்டுதோறும் வருகின்றன. எனவே நாங்கள் விமானம் ஒன்றைச் செய்ய முடிவு செய்தோம். எந்த விமானம்? நம் நாட்டிலேயே உருவான முதல் ஜெட் போர் விமானமாகிய ஹெச்.எஃப்.-24 ‘மாருத்’ எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. மாருதம் என்றால் காற்று அன்றோ! ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் என்பவரின் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட இவ்விமானம் 1961-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் முதன்முதலாக வானில் பறந்தது. 1967-இல் நம் விமானப் படையில் சேர்ந்து, 1971-ஆம் ஆண்டுப் போரில் ராஜஸ்தானத்து லோங்கேவாலாப் பகுதியில் பணியாற்றி, 1990-ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்றது. சென்னை கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட மாருத் விமானத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம்.

மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கையின் முழு அகலம் 9 மீட்டர். இதை 48-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 33 சென்டிமீட்டர், அகலம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் வரும். மேசையில் வைக்கத் தக்க அளவு! உடலை மெல்லிய மரத்தில் செதுக்கி, இறக்கைகளைக் கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினோம். சக்கரங்களை எம்-சீல் பசையை உருட்டி, தட்டி, காயவைத்துச் செய்தோம். ஒவ்வொரு சக்கரமும் ஒரு கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒன்றரை மாத உழைப்பு!

கடைசி நாள் மாலையில்தான் சக்கரங்களுக்கு வண்ணம் பூச நேரம் வந்தது. எங்களுள் ஒருத்தியின் வீட்டில் ஜன்னல் கம்பிக்குப் பூசி மிஞ்சிய கறுப்பு எனாமல் பெயிண்ட் இருந்தது. டயர் கறுப்பு, பெயிண்ட்டும் கறுப்பு. அப்புறம் என்ன யோசனை? ஒரே பூச்சில் வேலையை முடித்தோம். சக்கரங்கள் பளபளவென்று மின்னின. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் நடுவராக வந்திருந்த பெரியவர் எங்கள் விமானத்தைக் கையில் எடுத்து, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். “விமானம் விமானமாகவே இருக்கிறது. சக்கரம் மட்டும் விளையாட்டுச் சாமானாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எங்கள் முகம் வாடியது. சக்கரத்தில் என்ன குறை என்று எங்களுக்கு விளங்கவேயில்லை. அளவு சரி. வட்டம் சரி. நிறமும் சரி!

விளங்க வைத்தவர் வேறொருவர். எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை டயர் ரீட்ரெடிங் கடையொன்றில் வேலை செய்பவர். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் “பிரைவேட்” என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவது அவள் வழக்கம். அன்று அவர் சலவைச் சட்டை அணிந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் மேசைக்குச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல அருகில் வந்து, “பிளேனு ஷோக்கா கீதும்மா. டயரு மட்டும் இப்பத்தான் மழையில நனைஞ்சா மாரி கீது” என்றார்.

மழையில் நனைந்த டயர்! அந்த ஒரு சொல்லில் எங்கள் கண் திறந்தது. ஆறு வாரம் கழித்து நடக்கவிருந்த மாவட்ட அளவிலான பொருட்காட்சிக்குள் சக்கரங்களைச் சரி செய்துவிட வேண்டும் என்று உறுதி கொண்டோம். அறிவியல் ஆசிரியை சிஸ்டர் அவர்களின் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐவரும் அந்த ரீட்ரெடிங் கடைக்குச் சென்றோம்.

பாலிலிருந்து கறுப்பு வரை

டயரின் நிறத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். ரப்பர் மரத்திலிருந்து வடிவது பால்போன்ற வெண்மையான திரவம். அதை உறையவைத்து உலர்த்தினால் மங்கிய மஞ்சளும் பழுப்புமான தகடாகும். அப்படியிருக்க டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது?

தொடக்க கால டயர்கள் கறுப்பாக இல்லை என்பதுதான் உண்மை. அவை வெளிர் நிறத்தில் இருந்தன. 1898-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு மிச்செலின் நிறுவனம் தன் விளம்பரத்துக்காக வரைந்த ‘டயர் மனிதன்’ இன்றுவரை வெள்ளையாக இருப்பதற்கு இதுவே காரணம். பிறகு, எண்ணெயை முழுதும் எரியவிடாமல் அரைகுறையாக எரித்தால் கிடைக்கும் மிக நுண்ணிய கரித்தூளை ரப்பரோடு கலந்தால், அது பன்மடங்கு உறுதி பெறுகிறது என்று கண்டார்கள். ‘கார்பன் பிளாக்’ எனப்படும் இத்தூள் ரப்பர் தேய்வதைக் குறைக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தான் விழுங்கிக்கொண்டு ரப்பர் வெடிக்காமல் காக்கிறது. ஓடும்போது உண்டாகும் வெப்பத்தைப் பரவச் செய்கிறது. சக்கரத்தில் சேரும் நிலைமின்சாரம் தரையில் இறங்கவும் துணை புரிகிறது. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டித்தான் கறுப்பு டயர் உலகெங்கும் பரவத் தொடங்கியது. ஆகவே டயரின் கறுப்பு அழகுக்காகப் பூசிய நிறமன்று. அது உழைப்பின் நிறம்!

இந்த வரலாற்றுக்கும் நம் திருவொற்றியூருக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1946-ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை அவர்கள் இங்கு ஒரு சிறிய கொட்டகையில் பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். குழந்தைகள் ஊதி விளையாடும் வண்ண வண்ணப் பலூன்கள்! 1952-இல் அந்நிறுவனம் தேய்ந்த டயருக்கு மேற்பட்டை போடும் டிரெட் ரப்பரைச் செய்யத் தொடங்கியது. பின்னர் ‘மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி’ என்ற பெயரில், அமெரிக்க நாட்டு மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு, 1961-இல் டயர் உற்பத்தியில் இறங்கியது. இன்று எம்.ஆர்.எஃப். என்று உலகறிந்த அந்நிறுவனம் விமானங்களுக்கான டயர்களையும் செய்கிறது. மாருத் முதன்முதலில் பறந்ததும் அதே 1961! எங்கள் ஊரின் டயரும் எங்கள் விமானமும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள் என்று அறிந்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

கடையில் கண்டவை

ரீட்ரெடிங் கடையில் தோழியின் தந்தை எங்களுக்கு டயர்களை வரிசையாகக் காட்டினார். புதிதாக வந்து இறங்கிய டிரெட் ரப்பர் நல்ல கறுப்பு. ஆனால் அதுகூட எங்கள் பெயிண்ட் அளவுக்குக் கறுப்பாக இல்லை. அடுத்து, பட்டன் முழுதும் தேய்ந்துபோன மொட்டை டயர். அது சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. பழைய பட்டையை இயந்திரத்தில் சுரண்டி எடுத்த டயரின் முகம் சொரசொரவென்று, ஒளியே இல்லாமல், மங்கலாக இருந்தது. மூலையில் பல மாதங்களாகக் கிடந்த டயர் ஒன்றின் பக்கவாட்டில் பழுப்பு நிறம் ஓடியிருந்தது. அது துரு என்று நாங்கள் எண்ணினோம். “ரப்பருக்கு ஏதும்மா துரு? உள்ளே போட்ட மருந்து வெளியே வருது” என்று அவர் சிரித்தார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்று சிஸ்டர் அவர்கள் பின்னர் விளக்கினார்கள். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிக்கச் செய்யும். அதைத் தடுப்பதற்காக ரப்பரில் சில வேதிப்பொருள்களும் மெழுகும் சேர்க்கப்படுகின்றன. அவை சிறிது சிறிதாக மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, ஓசோனோடு சேர்ந்து, பழுப்பாக மாறுகின்றன. டயர் தன்னைத் தானே காத்துக்கொள்வதன் அடையாளமே அந்தப் பழுப்பு!

அட்டையும் லாரியும்

கண்ணை மட்டும் நம்பக்கூடாது, அளந்து பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார்கள். எனவே ஒரு வெள்ளை அட்டையில் ஆறு பட்டைகளை வரைந்தோம். கறுப்புப் போஸ்டர் கலரையும் வெள்ளைப் போஸ்டர் கலரையும் மை ஊற்றும் குழலால் சொட்டுச் சொட்டாக எண்ணிக் கலந்தோம். முதற்பட்டை முழுக் கறுப்பு. இரண்டாவதில் ஒன்பது சொட்டுக் கறுப்புக்கு ஒரு சொட்டு வெள்ளை. மூன்றாவதில் எட்டுக்கு இரண்டு, நான்காவதில் ஏழுக்கு மூன்று, ஐந்தாவதில் ஆறுக்கு நான்கு, ஆறாவதில் சரிபாதி.

அட்டையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனோம். அங்கே நின்றுகொண்டிருந்த லாரிகளின் டயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லா டயரும் ஆறாம் பட்டையைவிட வெளிறித் தெரிந்தன! இதை நாங்கள் நம்பவில்லை. சிஸ்டரிடம் போய்ச் சொன்னபோது, “அட்டையை எங்கே பிடித்தீர்கள்?” என்று கேட்டார்கள். நிழற்குடைக்குள் நின்று பிடித்தோம் என்றோம். “டயர் வெயிலில், அட்டை நிழலில். இரண்டுக்கும் ஒரே விளக்கல்லவா வேண்டும்?” என்றார்கள். எவ்வளவு எளிய செய்தி! மறுநாள் அட்டையையும் வெயிலில் பிடித்துப் பார்த்தோம்.

இம்முறை கிடைத்த முடிவுகள் இவை. புதிய டயர் இரண்டாம் பட்டைக்கு ஒத்துவந்தது. நாள்தோறும் ஓடும் லாரியின் டயர் மூன்றாம் பட்டைக்கும் நான்காம் பட்டைக்கும் இடையில் நின்றது. புழுதி படிந்து ஒரு வாரமாக நிற்கும் லாரியின் டயர் ஐந்தாம் பட்டை. காசிமேட்டில் படகுகளின் பக்கத்தில் இடி தாங்குவதற்காகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பழைய டயர்களைப் பார்த்தோம். வெயிலும் உப்புக் காற்றும் பட்டு அவை ஆறாம் பட்டையையும் தாண்டி வெளுத்திருந்தன. அப்படியானால் முதற்பட்டையாகிய முழுக் கறுப்பு யாருக்குப் பொருந்தியது? மறு வாரம் மழை பெய்தபோது விடை கிடைத்தது. நனைந்த டயருக்கு மட்டும்! நீர்ப்படலம் போர்த்திய பரப்பில் ஒளி சிதறித் திரும்புவது குறைவதால், நனைந்த பொருள்கள் கறுத்துத் தெரிகின்றன. தோழியின் தந்தை பொருட்காட்சியில் ஒரே பார்வையில் கண்டுபிடித்ததை நாங்கள் ஆறு பட்டைகளும் ஒரு மழையும் கொண்டு கண்டுபிடித்தோம்.

இன்னொன்றும் கவனித்தோம். கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தால் வரும் சாம்பல் நிறம் சற்று நீலம் கலந்து, குளிர்ச்சியாகத் தெரிகிறது. டயரின் சாம்பலோ பழுப்பை நோக்கிச் சாய்கிறது. பத்துச் சொட்டுக் கலவைக்கு அரைச் சொட்டுப் பழுப்பு வண்ணம் சேர்த்தவுடன் அது ரப்பராக மாறிவிட்டது! வெளிநாடுகளில் மாதிரி விமானக்காரர்களுக்கென்றே இந்நிறத்தைக் கலந்து விற்கிறார்கள். ஜப்பானிய டாமியா நிறுவனத்தின் வண்ணங்களில் ‘ரப்பர் பிளாக்’ என்றே ஒன்று உண்டு. நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. மூன்று போஸ்டர் கலர்ப் புட்டிகள் போதும்.

உண்மையான ரப்பரே பொய்யானது

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ரப்பரையே வெட்டி வைத்துவிட்டால் என்ன என்று எங்களுள் ஒருத்திக்குத் தோன்றியது. குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷரை வாங்கி விமானத்தில் பொருத்திப் பார்த்தோம். வியப்பு என்னவென்றால், உண்மையான ரப்பர் சிறிதும் உண்மையாகத் தெரியவில்லை! விமானம் கால்களில் ஓட்டை விழுந்தாற்போல் இருந்தது.

காரணத்தை எண்ணிப் பார்த்தோம். உண்மையான டயர் திறந்த வானத்தின் கீழே நிற்கிறது. அதன் மேட்டில் வெயிலும், பள்ளத்தில் நிழலும், ஓரத்தில் தூசியும் விழுந்து பல நிறங்களைக் காட்டுகின்றன. பொத்தான் அளவுச் சக்கரம் வீட்டுக்குள் குழல் விளக்கின் கீழே நிற்கிறது. அதில் நிழல் விழப் போதிய பள்ளமும் இல்லை. ஒளி விழப் போதிய மேடும் இல்லை. எனவே அந்த மேட்டையும் பள்ளத்தையும் நாம்தான் வண்ணத்தால் காட்ட வேண்டும். முழுக் கறுப்பைப் பூசிவிட்டால், நிழல் காட்ட அதைவிடக் கறுப்பான வண்ணம் ஒன்று வேண்டுமே! கறுப்புக்குக் கீழே படி இல்லை. ஆகவே உண்மையான டயரைவிட ஒரு படி வெளிறிய நிறத்தில் தொடங்கினால்தான், கீழே இறங்கவும் மேலே ஏறவும் இடம் கிடைக்கும். சக்கரம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வெளிறிய நிறம் வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

விமான டயரின் தனித்தன்மை

லாரி டயருக்கும் விமான டயருக்கும் வேற்றுமைகள் உண்டு. லாரி டயர் எஞ்சினால் சுழற்றப்பட்டு வண்டியைத் தள்ளுகிறது. அதனால் அதற்குப் பட்டன் பட்டனாகப் பிடிப்பு வேண்டும். விமானத்தைத் தள்ளுவது ஜெட் எஞ்சின் அல்லது காற்றாடி. சக்கரம் சும்மா உருள்கிறது. எனவே பெரும்பாலான விமான டயர்களில் சுற்றிலும் ஓடும் நேர்க்கோட்டுப் பள்ளங்கள் மட்டுமே உண்டு. ஓடுபாதையில் தேங்கிய மழைநீர் வெளியேற அவை உதவுகின்றன. மாதிரி விமானத்தில் லாரி டயரைப் போன்ற பட்டன் வரைந்துவிடாதீர்கள்!

விமானம் தரையிறங்கும் நொடியில் டயர் சுழலாமல் நிற்கிறது. ஓடுபாதையோ மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அதன் கீழே ஓடுகிறது. தொட்டவுடன் டயர் சறுக்கித் தேய்ந்து புகை கிளம்புவதை மீனம்பாக்கத்தில் பார்த்திருப்பீர்கள். ஓடுபாதையில் காணும் கரிய கோடுகள் இப்படி ஒட்டிக்கொண்ட ரப்பரே. இதனால் தரையைத் தொடும் வட்டம் எப்போதும் உராய்ந்து, வறண்டு, வெளிறித் தெரியும். பக்கவாட்டு அதைவிடக் கறுப்பாக இருக்கும். பள்ளங்கள் எல்லாவற்றையும்விடக் கறுப்பு. ஆக, ஒரே டயருக்கு மூன்று நிறங்கள் வேண்டும்.

பெரிய பயணிகள் விமானத்தின் டயரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 பவுண்டு அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைக்கப்படுகிறது. நம் காரின் டயரில் இருப்பதைப்போல் ஆறு மடங்கு! ஆயினும் பாரம் தாங்கும்போது விமான டயரும் சற்றுப் பிதுங்கும். சக்கரத்தின் அடியை உப்புத்தாளில் நான்கைந்து முறை தேய்த்துத் தட்டையாக்கினால் போதும். விமானம் கனமானது என்ற எண்ணம் வந்துவிடும்.

டயரும் சக்கர வட்டும் சேரும் இடத்தில் வெள்ளை அல்லது சிவப்பு வண்ணத்தில் ஒரு சிறு கோடு போடுவதுண்டு. டயர் வட்டை விட்டு நழுவினால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக் கொடுத்துவிடும். ஊசிமுனையால் இக்கோட்டை வரைந்தால் மாதிரி விமானத்துக்குத் தனி உயிர் வரும். வட்டுக்குப் பெரும்பாலும் வெள்ளி நிறம் பொருந்தும். ஆனால் ரஷ்ய வகை விமானங்கள் பலவற்றில் வட்டு பச்சையாக இருக்கும். 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை நம் விமானப் படையில் பணியாற்றிய மிக்-21 செய்வோர் இதை நினைவில் கொள்க.

விமானத்தின் காலத்தையும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1910-ஆம் ஆண்டு மதராஸ் தீவுத்திடலில் டி ஆஞ்ஜெலிஸ் என்பவர் பறக்கவிட்டது போன்ற தொடக்க கால விமானத்தைச் செய்தால் டயருக்கு வெளிர் சாம்பலே பொருத்தம். கறுப்பு டயரின் காலம் அப்போது பிறக்கவில்லை. 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்கும் தபால் கொண்டுவந்த ‘பஸ் மாத்’ விமானத்தைச் செய்தால், கறுப்பு டயரில் மண் புழுதியைத் தூவலாம். எங்கள் மாருத்தோ சிமெண்ட் ஓடுபாதையில் ஓடிய ஜெட். அதற்குச் சேறு ஆகாது. வெளிறிய மெல்லிய தூசி போதும்.

செய்முறை

இனி, நாங்கள் கையாண்ட முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1. சக்கரத்தின் நடுத்துளையில் பல் குத்தும் குச்சியைச் செருகிக்கொள்ளுங்கள். பிடிக்கவும் சுழற்றவும் அது கைப்பிடியாகும். பழைய எனாமல் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள்.

2. ஏழு சொட்டுக் கறுப்பு, மூன்று சொட்டு வெள்ளை, அரைச் சொட்டுப் பழுப்பு கலந்து டயர் முழுதும் பூசுங்கள். கெட்டியாக ஒரு முறை பூசுவதைவிட நீர்க்க இரு முறை பூசுவது நன்று. போஸ்டர் கலர் காய்ந்தபின் பளபளப்பதில்லை என்பது நமக்கு வசதி.

3. வட்டுக்கு வெள்ளி வண்ணம் தீட்டும்போது தூரிகையை நகர்த்தாதீர்கள். தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு குச்சியைச் சுழற்றுங்கள். கவராயத்தால் போட்டாற்போல் வட்டம் அமையும்.

4. கறுப்பை நிறைய நீர் விட்டுக் கரைத்து, டயரும் வட்டும் சேரும் இடுக்கிலும் பள்ளங்களிலும் ஒரு துளி தொட்டு வையுங்கள். அது தானே ஓடிப் பரவி நிழலாகிவிடும்.

5. தரையைத் தொடும் வட்டத்தில் ஐந்தாம் பட்டையின் நிறத்தை, தூரிகையை ஏறத்தாழ உலர்த்திக்கொண்டு, தொட்டும் தொடாமலும் தேயுங்கள்.

6. கடைசியாக, கரும்பலகை துடைப்பானிலிருந்து சிறிது சாக்குத் தூளை எடுத்து விரலால் ஒற்றி, உடனே ஊதிவிடுங்கள். எஞ்சி நிற்கும் தூளே போதுமான தூசி. அதிகமானால் படகில் கட்டிய டயராகிவிடும்!

எனாமல் வண்ணமும் டர்பன்டைனும் பயன்படுத்துவோர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரியவர்களின் பார்வையில் செய்யுங்கள்.

நிறைவாக

மாவட்டப் பொருட்காட்சிக்கு எங்கள் மாருத் புதுச் சக்கரங்களோடு சென்றது. அங்கு வந்த நடுவர் ஒருவர் குனிந்து பார்த்து, “சக்கரத்துக்கு ரப்பரையே வெட்டி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ரப்பரை வைத்தபோது பொய்யாகத் தெரிந்தது. எம்-சீலும் போஸ்டர் கலரும் மெய்யாகத் தெரிகின்றன! எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் பரிசுதான். ஆனாலும் அந்தக் கேள்வியை முதற்பரிசாகவே கருதினோம்.

அதைவிடப் பெரிய பரிசு ஒன்றும் அன்று கிடைத்தது. “இந்த நிறம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று நடுவர் கேட்டபோது, நாங்கள் நால்வரும் வாய் திறக்குமுன், எங்கள் தோழி கூட்டத்துக்குள் போய்த் தன் தந்தையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். “இவர் என் அப்பா. டயர் ரீட்ரெடிங் செய்கிறார். இவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்” என்றாள். நடுவர் கையை நீட்டினார். சோப்புப் போட்டாலும் போகாத கரி படிந்த தம் கையைப் பார்த்து அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டினார்.

டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, அங்கே வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களை நெடுநேரம் பார்த்து நிற்பாராம். அவர் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணமாயிற்று என்று படித்திருக்கிறோம். உற்றுப் பார்ப்பதே அறிவியலின் முதற்படி. நாம் பெரும்பாலும் பொருளைப் பார்ப்பதில்லை. பொருளின் பெயரைத்தான் பார்க்கிறோம். டயர் என்றால் கறுப்பு, கடல் என்றால் நீலம், தொழிலாளியின் கை என்றால் அழுக்கு என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறோம். இறைவன் கொடுத்த கண்களைத் திறந்து பார்த்தால், ஒரு டயரில் மட்டும் ஆறு நிறங்கள் இருக்கின்றன!

தோழியரே! நாளைக் காலை பள்ளிக்கு வரும் வழியில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பத்திரமாக, நடைபாதையிலிருந்து! பிறகு எங்களிடம் வந்து சொல்லுங்கள், டயரின் நிறம் என்னவென்று.